பாதி அங்கியும் பெயர் போடாத புத்தகமும்



அக்டோபர் பிறந்துவிட்டால் டுசல்டோர்ஃப் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு ஓய்வு கிடையாது. பசை, கத்தரிக்கோல், வண்ணக் காகிதம், உள்ளே எரிய ஒரு குட்டி பல்பு. கிண்டர்கார்டனில் லாந்தரைப் பாதி செய்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த மீதி எப்போதும் அப்பா அம்மா தலையில்தான் விழும். நவம்பர் 10ஆம் தேதி மாலை இந்த லாந்தர்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தெருத்தெருவாகப் போவார்கள். பேண்டு வாத்தியம் முழங்கும். பழைய நகரத்தின் மார்க்ட்பிளாட்ஸில், நகர மன்றத்துக்கு முன்னால், புனித மார்ட்டின் வேடத்தில் சிவப்பு அங்கி போட்ட ஒருவர் நிஜக் குதிரையில் வந்து நிற்பார். வாளை உருவி அங்கியை இரண்டாக அறுத்து, தரையில் குளிரில் நடுங்கும் பிச்சைக்காரருக்கு ஒரு பாதியைக் கொடுப்பார். அதற்கப்புறம் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி இனிப்பு வாங்கும் படலம். இந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் ‘கிரிப்ஷன்’ என்று பெயர். இதில் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பை நிறைந்தபின்தான் வீட்டு நினைவே வரும்.

அதே மார்க்ட்பிளாட்ஸில் இன்னொரு குதிரைக்காரரும் உண்டு. யான் வெல்லெம் என்று ஊர் செல்லமாக அழைக்கும் இளவரசர் யோகான் வில்ஹெல்ம். கிருபெல்லோ என்ற சிற்பி 1711இல் வடித்து முடித்த வெண்கலச் சிலை. தலையில் கிரீடம், கையில் கோல், கம்பீரத்துக்குக் குறைவில்லை. ஆண்டு முழுக்க அவர் அங்கேயே நிற்கிறார். ஆனால் இந்த ஊரில் எந்தக் குழந்தையையாவது நிறுத்தி, குதிரைமேல் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஓர் இரவு மட்டும் வந்துபோகிற மார்ட்டினைத்தான் சொல்லும். இளவரசர் என்ன செய்தார் என்று அதற்குத் தெரியாது. மார்ட்டின் என்ன செய்தார் என்று நடித்தே காட்டிவிடும்.

இந்த இதழைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியான ஆண்கள் பற்றிய சிறப்பிதழாகக் கொண்டுவரலாம் என்று முடிவானபோது எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. ஏன் ஆண்கள் மட்டும் என்று ஒரு கட்சி. பெண்களைப் பற்றி முன்பே நிறைய எழுதியாகிவிட்டது, ஆண் பிள்ளைகள்தான் இப்போது யாரைப் பார்த்து வளர்வது என்று தெரியாமல் திணறுகிறார்கள் என்று எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சிதான் வென்றது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் கையில் இருக்கும் கைபேசியைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். இருபது பேரை ஒற்றை ஆளாய் அடித்துப் போடுகிற கதாநாயகன், கார் கதவைத் திறந்து காட்டி நான் எப்படிப் பணக்காரன் ஆனேன் என்று பாடம் எடுக்கும் ஆசாமி, அழுகிறவன் ஆண் இல்லை என்று சொல்லித்தரும் இன்னொரு ஆசாமி. பையன்கள் வழிகாட்ட ஆள் தேடுகிறார்கள். நாம் காட்டாவிட்டால் வேறு யாராவது காட்டுவார்கள்.

நாம் வழக்கமாக யாரைக் காட்டுகிறோம்? காந்தி, மண்டேலா, அப்துல் கலாம். மூவருமே பெரியவர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் சொல்லும் விதத்தில் அவர்கள் மார்க்ட்பிளாட்ஸ் இளவரசர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து, பரிசு வாங்கி, இறக்கி வைத்துவிடுகிற பாரம். பிறந்த ஆண்டு தெரியும், பட்டங்கள் தெரியும், வாங்கிய விருதுகள் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பள்ளி மைதானத்தில் ஒருவனை நாலு பேர் சுற்றி நின்று கேலி செய்யும்போது நம் பையன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. என் கட்சி இதுதான்: பிள்ளைகளுக்கு ஆளைக் காட்டுவதைக் காட்டிலும் அந்த ஆள் ஒரு நாள் செய்த ஒரு காரியத்தைக் காட்டலாம். அதுவும் முழுசாக, குறையோடு சேர்த்து.

மார்ட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவரை நேரில் அறிந்த சுல்பிசியுஸ் செவெருஸ் என்பவர் எழுதிவைத்த வரலாறு இருக்கிறது. ரோமப் படையில் இளம் சிப்பாய். கடுங்குளிரில் ஆமியென் நகர வாசலில் அரைகுறைத் துணியோடு ஒருவர் நிற்கிறார். வருகிறவர் போகிறவர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ட்டினிடம் அங்கியைத் தவிர வேறொன்றும் இல்லை. பாதியை அறுத்துக் கொடுக்கிறார். இதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்து வருவதைத்தான் லாந்தர் ஊர்வலத்தில் நடித்துக் காட்டுவதில்லை: கிழிந்த அங்கியோடு நின்ற அவரைப் பார்த்துச் சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்புதான் கதையின் உயிர்நாடியாகப் படுகிறது. கொடுப்பது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. நாலு பேர் முன்னால் கோமாளி மாதிரித் தெரிவதைத் தாங்குவதுதான் பத்து வயதில் கஷ்டம், நாற்பது வயதிலும் கஷ்டம். பிற்பாடு இதே மார்ட்டின், ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ் நகரத்தருகே, சண்டைக்கு முதல் நாள், இனிப் போரிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோழை என்றார்கள். அப்படியானால் நாளைக்கு ஆயுதமே இல்லாமல் படைக்கு முன்னால் நிற்கிறேன் என்றார். நம் ஊர் வழியாக ஓடுகிற அதே ரைன்தான். இன்னொரு கதையில், ஆயர் பதவி ஏற்கச் சொல்லி மக்கள் தேடிவந்தபோது வாத்துக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டாராம். வாத்துகள் கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டனவாம். அந்தக் குற்றத்துக்காகத்தான் நவம்பரில் இந்த நாடு முழுக்க வாத்து வறுபடுகிறது என்பார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி கட்டாயம் பிடிக்கும்.

போர்வை என்றதும் நமக்குப் பேகன் நினைவு வராமல் போகாது. மழைக்கால மலைச்சாரலில் ஆடிய மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைப் போர்த்திவிட்ட வள்ளல். மயிலுக்கு எதற்குப் போர்வை, அதற்குத்தான் இறகு இருக்கிறதே என்று இங்கே பள்ளிக்குப் போகும் நம் வாண்டுகள் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல கேள்விதான். பேகன் கதையின் அருமை மயிலோடு நின்றுவிடுவதில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொரு பெண்ணோடு வாழப்போனபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ உன் வீட்டுக்குப் போ என்று சொல்லாத குறையாகப் பாடினார்கள். அந்தப் பாட்டுகள் புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லையே என்று ஒரு கொடைவள்ளலைப் பார்த்துக் கேட்கும் துணிச்சல் நம் மரபில் அன்றே இருந்திருக்கிறது. பேகனைப் பட்டியலிலிருந்து அவர்கள் நீக்கவில்லை. வள்ளல் என்றும் பாடினார்கள், தவறு செய்தான் என்றும் பாடினார்கள். முன்மாதிரிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி டுசல்டோர்ஃப் மண்ணுக்கு வருவோம்.

தலைமை ரயில் நிலையத்தில் யூ79 ஏறினால் டூயிஸ்பர்க் போகும் வழியில் கிளெமன்ஸ்பிளாட்ஸ் என்று ஒரு நிறுத்தம் வரும். அதுதான் கைசர்ஸ்வெர்த். 1929இல்தான் டுசல்டோர்ஃபோடு சேர்ந்தது. ஆற்றங்கரையில் பார்பரோசா பேரரசரின் இடிந்த கோட்டைச் சுவர், செங்கல் வீடுகள், ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் வரிசை. நம்மில் பலர் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துத் திரும்பியிருப்போம். 1591இல் அங்கே ஒரு கோட்டை அதிகாரியின் வீட்டில் பிறந்தவர் ஃப்ரீட்ரிஷ் ஷ்பே.

அவர் இயேசு சபைத் துறவி ஆனார். இந்தியாவுக்கு அனுப்புங்கள் என்று 1617இல் சபைத் தலைவருக்கு எழுதிக் கேட்டார். ராபர்ட் தெ நொபிலி மதுரையில் காவி கட்டித் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஷ்பேயும் வந்திருந்தால் யார் கண்டது, நம் இலக்கிய வரலாற்றில் இன்னொரு வீரமாமுனிவர் கிடைத்திருக்கலாம், அவரும் கவிஞர்தான். ஆனால் அனுமதி கிடைக்கவில்லை. ஜெர்மனியிலேயே இருந்தார்.

அன்றைய ஜெர்மனியில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. பஞ்சம், கொள்ளைநோய், முப்பதாண்டுப் போர் எல்லாம் சேர்ந்து நாட்டை உலுக்கிய நேரம். ஆலங்கட்டி மழை பெய்தாலும் மாடு செத்தாலும் யாராவது ஒரு கிழவியின் மேல் பழி விழும். பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்வார்கள். தாங்கமுடியாமல் ஆமாம் என்பாள். கூட யார் யார் என்பார்கள். மீண்டும் சித்திரவதை. வாயில் வந்த பெயர்களைச் சொல்வாள். அடுத்த வாரம் அந்தப் பெயர்கள் எரியும்.

ஷ்பே இதை அருகிலிருந்து பார்த்தார். 1631இல் லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வந்தது, ‘கவுத்சியோ கிரிமினாலிஸ்’. 51 கேள்விகள், அவற்றுக்கு விடைகள். நீதிபதிகளுக்கும் அரசர்களுக்கும் புரிகிற வழக்குமன்ற மொழியில், நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு போகிறார். வதைத்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டவளும் குற்றவாளி, கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவளும் பிசாசின் துணையால் தாங்கினாள் என்று குற்றவாளி என்றால், உள்ளே போனவள் வெளியே வர வழியே இல்லையே என்று கேட்கிறார். நீதிபதிகளையும் பாதிரிமார்களையும் இதே முறையில் விசாரித்தால் அவர்களும் சூனியக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்றும் சொல்கிறார். சூனியம் உண்டா இல்லையா என்ற வம்புக்கு அவர் பெரிதாகப் போகவில்லை. உங்கள் விசாரணை உண்மையைக் கண்டுபிடிக்காது, அது குற்றவாளிகளை உற்பத்தி செய்கிறது என்பதுதான் வாதம். நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்த வாதம் இன்று எந்த நாட்டுக் காவல் நிலையத்துக்கும் பொருந்தும்.

புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பெயர் சொல்லாத ரோமச் சமய அறிஞர் ஒருவர் எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. பெயர் தெரிந்தால் அடுத்த சிதை அவருக்குத்தான். எழுதியது யார் என்று உள்வட்டத்தில் கசிந்தபோது சபைக்குள்ளேயே தொல்லைகள் வந்தன. தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். உங்கள் தலைமுடி ஏன் இவ்வளவு சீக்கிரம் நரைத்தது என்று இளைஞர் ஒருவர் ஷ்பேயிடம் கேட்டாராம். சிதைவரை கூட நடந்துபோன பெண்களால் என்றாராம் ஷ்பே, அவர்களில் ஒருத்திகூடக் குற்றவாளி இல்லை என்று தெரிந்துகொண்டே நடந்ததால். கேட்ட இளைஞர் யோகான் ஃபிலிப் ஃபொன் ஷோன்போர்ன். பின்னாளில் அவர் மைன்ஸ் நகரப் பேராயராகவும் ஆட்சியாளராகவும் ஆனபோது தம் எல்லைக்குள் அந்த எரிப்பை நிறுத்தினார்.

ஷ்பே அதையெல்லாம் காணவில்லை. 1635இல் ட்ரியர் நகரில், போரில் காயம்பட்டும் கொள்ளைநோயில் விழுந்தும் கிடந்த சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்து, அந்த நோய் தொற்றி, 44 வயதில் இறந்தார்.

ஷ்பே புத்தகம் எழுதினார், கொடுமை ஒழிந்தது என்று பிள்ளைகளிடம் கதையை முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். செய்யாதீர்கள். டுசல்டோர்ஃபின் கிழக்குப் பக்கம் கெரெஸ்ஹைம் இருக்கிறது. 1738 ஆகஸ்ட் 19 அன்று அங்கே ஹெலனா கூர்டன்ஸ், ஆக்னெஸ் ஓல்மன்ஸ் என்ற இருவரைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள். ஹெலனாவைப் பிடித்தபோது வயது 14. ஷ்பேயின் புத்தகம் வெளிவந்து 107 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிறந்த ஊருக்கும் கெரெஸ்ஹைமுக்கும் ஒரு நாள் நடைகூட இல்லை. இருவரின் நினைவாக இப்போது கெரெஸ்ஹைமில் ஒரு கல் நிற்கிறது. கைசர்ஸ்வெர்த் போகிற குடும்பங்கள் இன்னொரு ஞாயிறு அங்கேயும் போய்வாருங்கள். நல்ல காரியம் செய்தவர் அதன் பலனைப் பார்த்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்பதில்லை, ஒரு நூற்றாண்டுகூடப் பிடிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அந்தக் கல்லருகே நின்றால் நாம் விளக்காமலே புரிந்துகொள்வார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மார்ட்டின் போதும்.

கைசர்ஸ்வெர்த்திலேயே இன்னொருவர், தியோடோர் ஃப்ளீட்னர். 1822இல் அந்த ஊருக்கு இளம் பாதிரியாராக வந்தார். அவருடைய சபையார் பட்டு வெல்வெட் ஆலைத் தொழிலாளர்கள். வந்த கொஞ்ச நாளில் ஆலை திவாலானது. சம்பளமும் இல்லை, சபையும் கலைகிற நிலை. வேறு ஊர் பார்த்துக்கொள் என்று மேலிடமே சொல்லியும் போகவில்லை. ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்க் கை நீட்டி நிதி திரட்டினார். நிதியோடு வேறொன்றும் கொண்டுவந்தார். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அங்கே மக்கள் செய்த வேலைகளைப் பார்த்த பார்வை. திரும்பியதும் டுசல்டோர்ஃப் சிறைக்குப் போகத் தொடங்கினார். 1826இல் சிறைச் சீர்திருத்தச் சங்கம் அமைத்தார். 1833இல் விடுதலையான ஒரு பெண் போக்கிடம் இல்லாமல் வந்து நின்றபோது தோட்டத்து மூலையில் இருந்த சின்னஞ்சிறு வீட்டைக் கொடுத்தார். 1836இல் மருத்துவமனையும், செவிலியப் பயிற்சியும். அதற்கு முன் செவிலியர் வேலை என்றால் கௌரவமான வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்காத வேலை. 1850இல் ஓர் ஆங்கிலப் பெண் வந்து பார்த்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து மூன்று மாதம் தங்கிப் பயின்றார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். இன்று கைசர்ஸ்வெர்த் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

குறையையும் சொல்லவேண்டும் என்றேன் இல்லையா? ஃப்ளீட்னர் பெயரில் சொல்லப்படும் வேலையில் பெரும் பங்கு அவர் மனைவி ஃப்ரீடெரிகேயுடையது. நிர்வாகம், பயிற்சி, கணக்கு, இடையிடையே பேறுகாலம். 1842இல் அவர் இறந்தார். இரண்டாம் மனைவி கரோலினே அதே பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வரலாறு வழக்கம்போல் ஒரு பெயரை முன்னால் எழுதியது. இதைப் பையன்களிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது தமிழ்நாட்டிலிருந்து செவிலியப் பயிற்சிக்கென்று ஜெர்மன் படித்து வருகிற இளைஞர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், ஊரில் கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறோம் என்கிறார்கள். முதியவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிச் சோறூட்டும் வேலையை மறைக்கவேண்டிய வேலையாக நம் சமூகம் வைத்திருக்கிறதே! கொள்ளைநோய்க்காரருக்குப் பணிவிடை செய்து செத்த ஷ்பேயும் ஆண்தான். ஒரு நாள் அந்த இளைஞர்களில் ஒருவரைச் சாப்பிட அழையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

அடுத்தது பெரிய பிள்ளைகளுக்கு. 1945 ஏப்ரல். ரைனின் இடது கரை, ஓபர்காசல் பக்கம், மார்ச் தொடக்கத்திலேயே அமெரிக்கர் கைக்கு வந்துவிட்டது. பாலங்களை ஜெர்மன் படையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. வலது கரையில் இருந்த நகரம் வாரக்கணக்கில் பீரங்கிக் குண்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. போர் தோற்றுவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசிவரை போராடு என்பதுதான் நாஜித் தலைவர்களின் கட்டளை. வெள்ளைத் துணி காட்டினாலே மரணம்.

ஏப்ரல் 16 அன்று ஊர்க்காரர்கள் சிலர் காவல்துறைத் தலைமையகத்துக்குப் போனார்கள். அலோய்ஸ் ஓடன்தால் கட்டடக் கலைஞர். கார்ல் ஆகஸ்ட் வீடன்ஹோஃபன் வழக்கறிஞர். இப்படிப் பெரும்பாலும் தொழில் செய்து பிழைக்கும் ஆட்கள். சீருடைக் காவல்துறையின் தளபதி ஃப்ரான்ஸ் யூர்கன்ஸ் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நாஜிக் காவல்துறைத் தலைவர் கோரெங்கைப் பிடித்து அறையில் பூட்டினார்கள். ஓடன்தாலும் வீடன்ஹோஃபனும் போர்முனையைக் கடந்து மெட்மன் பக்கம் இருந்த அமெரிக்கரிடம் போனார்கள், நகரத்தைச் சண்டையில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல. அதற்குள் இங்கே காரியம் தலைகீழானது. கோரெங் விடுவிக்கப்பட்டார். யூர்கன்ஸும், தியோடோர் ஆண்ட்ரெசன், கார்ல் கிளெப்பே, யோசெஃப் க்னாப், ஹெர்மன் வைல் என்ற நால்வரும் பிடிபட்டார்கள். விசாரணை என்று பெயருக்கு ஏதோ நடந்தது. அன்றிரவே சுட்டுக்கொன்றார்கள். மறுநாள், ஏப்ரல் 17, அமெரிக்க டாங்கிகள் நகருக்குள் வந்தன. பெரிய சண்டை நடக்கவில்லை. சில மணி நேரம் பொறுத்திருந்தால் ஐவரும் பிழைத்திருப்பார்கள்.

காவல்துறைத் தலைமையகம் முன்னுள்ள சதுக்கத்துக்குப் போருக்குப் பின் யூர்கன்ஸ் பெயர் வைத்தார்கள். ஓடன்தால் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் பெயரில் கெரெஸ்ஹைமில் ஒரு சதுக்கம் உண்டு. யூர்கன்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த ஆட்சியின் சீருடையை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டு பதவி உயர்ந்தவர் அவர். அந்த ஆண்டுகளில் காவல்துறை யார் யாரைப் பிடித்துக்கொடுத்தது என்று இந்த நாட்டுப் பள்ளிகளே சொல்லித்தருகின்றன. கடைசி நாளின் துணிச்சல் முந்தைய ஆண்டுகளைக் கழுவிவிடாது. முந்தைய ஆண்டுகளைச் சொல்லி அந்த நாளை இல்லை என்றும் ஆக்கமுடியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் புரியும். மியூலன்ஷ்ட்ராசேயில் உள்ள நாஜிக் கால நினைவகத்துக்குக் கூட்டிப்போய்விட்டு, வீட்டுக்கு வரும் வழியில் அவர்களையே பேசவிடுங்கள். நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்.

அந்த நினைவகத்தில் இன்னொரு பெயரையும் தேடச் சொல்லுங்கள். ஹிலாரியுஸ் கில்கெஸ். 1909இல் இதே டுசல்டோர்ஃபில் பிறந்த கறுப்பு நிற இளைஞர். நடனக்காரர், தொழிலாளர் நாடகக் குழுவின் நடிகர். நாஜிகளுக்கு எதிராகத் தெருவில் ஆடியும் நடித்தும் காட்டினார். 1933 ஜூனில், 24 வயதில், அடித்துக் கொன்று ரைன் கரையில் போட்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ‘நீ உண்மையில் எந்த ஊர்?’ என்று பள்ளியில் கேட்கப்படும் நம் பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் பிறந்து இந்த ஊருக்காகவே பேசி மாண்ட அந்த மனிதரைத் தெரிந்திருப்பது நல்லது.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நம் ஆட்கள் எங்கே?

தேடிப் போகவேண்டாம். உங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் இன்று தாத்தாக்கள். அந்நாள் சட்டப்படி, ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டிப் போகவே அனுமதி வாங்கவேண்டும். பக்கத்து நகரத்தில் நண்பனைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு. உணவகச் சமையலறையில் இரவு ஒரு மணிவரை பாத்திரம் கழுவி, ஊரில் தங்கைக்கும் தம்பிக்கும் பணம் அனுப்பி, வதிவிட அனுமதி கிடைத்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி தேடியது. சனிக்கிழமை தமிழாலயங்களில் சம்பளம் இல்லாமல் கரும்பலகை முன் நின்றவர்களில் அந்த அப்பாக்களும் இருந்தார்கள். இரவு வேலை முடித்துக் கண் சிவந்து வந்து நின்றவர்கள். அதற்கு விருது எதுவும் இல்லை. ஹாம் நகர்க் காமாட்சி அம்மன் தேரைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, அந்தக் கோயில் 2002இல் எழுந்து நிற்குமுன் எத்தனை பேர் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள் என்பது தெரியாது. சொல்ல நமக்கும் நேரம் இருந்ததில்லை.

இவர்களும் குறையில்லாதவர்கள் இல்லை. வீட்டில் அதிகம் பேசாதவர்கள், கோபக்காரர்கள், வாரம் ஆறு நாள் வேலையில் பிள்ளை வளர்ந்ததையே கவனிக்காமல் விட்டவர்கள், குடியில் சிக்கிப் பிறகு மீண்டவர்கள், மீளாதவர்கள். பேகனைப் புலவர்கள் பாடியதுபோல் அவர்களையும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் பத்துப் பக்கங்களைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறோம். எட்டு முதல் பதினாறு வயதுவரை யாரும் எழுதலாம். அப்பா, தாத்தா, மாமா, சித்தப்பா, தமிழ்ப் பள்ளி வாத்தியார், பக்கத்து வீட்டு ஜெர்மன் தாத்தா, பேருந்து ஓட்டுநர், யாராக இருந்தாலும் சரி. பட்டமும் பதவியும் வேண்டாம். அவர் ஒரு நாள் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதவேண்டும். அந்த நாளில் பயமாக இருந்ததா, யாராவது சிரித்தார்களா என்று அவரிடமே கேட்டு எழுதவேண்டும். அவரிடம் உனக்குப் பிடிக்காத ஒன்றும் இரண்டு வரியில் வேண்டும். அது இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். தமிழில் எழுத வராவிட்டால் ஜெர்மனில் எழுதட்டும், நாங்கள் தமிழாக்கிக்கொள்கிறோம். எழுதவே பிடிக்காத பிள்ளை படம் வரையட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்துவிடும். கடைசித் தேதி அக்டோபர் 31.

அன்புடன்,
ஆசிரியர்